கடை மெயில் போன கதையில் ஒரு திருத்தம்

பரணி,

போன ஞாயிற்றுக்கிழமை பெண் வீட்டார் நம் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது நீ ஒரு கதை சொன்னாய். உன் வருங்கால மாமனார், "மாப்ள கம்ப்யூட்டர்ல பெரிய ஆளாமே" என்று ஆரம்பிக்க, நீ சிரித்துக்கொண்டே, "பெரிய ஆளா? காலேஜ் படிக்கும்போது எங்கம்மா கடையோட மெயிலையே காலி பண்ணவன் நானு. ஊரே வந்து திட்டிட்டுப் போச்சு" என்றாய். எல்லோரும் சிரித்தார்கள். உன் நைனாகூட, "அன்னிக்கு உட்டேன் பாரு ஒரு அறை" என்று பெருமையாகச் சேர்த்துக்கொண்டார். நான் ரசம் எடுத்துவருகிறேன் என்று சமையலறைக்குப் போனேன். ரசப் பாத்திரம் ஏற்கெனவே உங்கள் முன்னால்தான் இருந்தது. அதை யாரும் கவனிக்கவில்லை.

பதினெட்டு வருடமாக ஊராருக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்கிறவள் நான். பெயரில் ஒரு புள்ளி விட்டுப்போயிருந்தால்கூட, திருத்தத்துக்கு மனு போடு என்று வந்தவரைத் திருப்பி அனுப்புவேன். நீ சொன்ன கதையிலும் ஒரு திருத்தம் இருக்கிறது. கடை மெயிலை நீ காலி பண்ணவில்லை. நான் பண்ணினேன். ஒரு திருட்டு மெயிலை நம்பி, நானே சாவியை எடுத்துக் கொடுத்தேன். ஒன்பது வருடமாக அதை உன் தலையில் வைத்துவிட்டுச் சும்மா இருந்தேன். தை மாதம் உனக்குக் கல்யாணம். இந்தப் பொய்யோடு நீ இன்னொரு வீட்டை ஆரம்பிக்கக் கூடாது என்று தோன்றியது, எழுதுகிறேன். தபாலில் ஏன் என்று கேட்பாய். போனில் டைப் பண்ணினால் நான் அழித்துவிடுவேன், என்னை எனக்குத் தெரியும். தபால் பெட்டிக்குள் போட்டதை என்னால் திரும்ப எடுக்க முடியாது.

உனக்குத் தெரிந்ததையே சொல்கிறேன் என்று சலித்துக்கொள்ளாதே, தப்பு அங்கேதான் ஆரம்பிக்கிறது. நான் செஞ்சி தாலுகா ஆபீஸ் எதிரே கம்ப்யூட்டர் கடை போட்ட புதிதில், சுற்றுப்பக்கத்து ஊர்களில் யாருக்கும் மெயில் ஐடி கிடையாது. விண்ணப்பத்திலோ அந்தக் கட்டத்துக்குப் பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம் இருக்கும், வெறுமையாக விட்டால் மேலே நகராது. முதலில் ஒவ்வொருவருக்கும் ஒரு ஐடி உண்டாக்கிக் கொடுத்துப் பார்த்தேன். அடுத்த முறை வரும்போது பாஸ்வேர்டு எழுதின சீட்டு சட்டைப் பையோடு துவைபட்டுப் போயிருக்கும். கடைசியில், "பரவால்ல, கடை மெயிலையே போட்டுக்கலாம்" என்றேன். அன்றிலிருந்து சாதிச் சான்றிதழ், பட்டா மாறுதல், காலேஜ் சேர்க்கை, வேலைத் தேர்வு எல்லாவற்றுக்கும் ஒரே மெயில்தான். வந்த கடிதங்களை அச்செடுத்து, மேலே ஊர்ப் பெயரை எழுதி, சுவரில் தொங்கும் கம்பியில் குத்தி வைப்பேன். செஞ்சிக்கு வருகிறவர்கள் எட்டிப் பார்த்து எடுத்துப் போவார்கள். அவசரமென்றால் அவலூர்பேட்டை பஸ் கண்டக்டரிடம் சொல்லி அனுப்புவேன். ஆட்கள் என்னைக் கம்ப்யூட்டரம்மா என்றார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது. பதிலுக்காக அவர்கள் திரும்பவும் என் கடைக்கே வர வேண்டியிருந்தது, அதுவும் பிடித்திருந்தது. சேவை, வியாபாரம், கொஞ்சம் திமிர், மூன்றும் ஒரே பெட்டியில் இருந்தன. அத்தனை பேருடைய கடிதமும் ஒரே பூட்டுக்குள் இருப்பது ஆபத்து என்று ஒரு நாளும் நினைத்ததில்லை.

நீ இரண்டாம் வருடம் முடித்து விடுமுறைக்கு வந்திருந்த ஜூன் மாதம். காலேஜ் சேர்க்கை நேரம், கடையில் நிற்க இடமில்லை. நடுவில் கரண்ட் வேறு போய்ப் போய் வந்துகொண்டிருந்தது. கம்ப்யூட்டரை மூன்றாவது முறை ஆன் பண்ணியபோது மேலே ஒரு மெயில் நின்றது. உங்கள் பெட்டி நிரம்பிவிட்டது, இன்று மாலை ஆறு மணிக்குள் உறுதிசெய்யாவிட்டால் எல்லாக் கடிதங்களும் அழிக்கப்படும் என்று இங்கிலீஷில் இருந்தது. அதற்கு முந்தின வாரம்தான் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர், தனக்கு லண்டனில் லாட்டரி விழுந்ததாக ஒரு மெயிலைக் கொண்டுவந்து காட்டினார். "சீட்டே வாங்காம எப்படி சார் விழும்?" என்று கடையில் இருந்தவர்கள் முன்னாலேயே அவரைக் கேலி செய்தேன். என்னிடம் லாட்டரி எடுபடாது. ஆனால் பெட்டி அழியும் என்றதும் கையிலிருந்த விண்ணப்பத்தைக் கீழே வைத்துவிட்டேன். இருநூறு வீட்டுக் கடிதங்கள் அதில் இருந்தன. ஆசையைக் காட்டினால் விழாதவர்களுக்குப் பயத்தைக் காட்டுவார்கள், பயப்படாதவர்களுக்குப் பொறுப்பைக் காட்டுவார்கள். நான் பொறுப்பில் விழுந்தேன்.

அனுப்பியவர் என்ற இடத்தில் மெயில் கம்பெனியின் பெயர் சரியாகத்தான் இருந்தது. பெயரைத் தொட்டுப் பார்த்திருந்தால் அதன் பின்னால் இருந்த உண்மையான முகவரி தெரிந்திருக்கும். சம்பந்தமே இல்லாத ஏதோ எழுத்துக் குப்பை அது. பெயரை யார் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம், முகவரியைத்தான் பார்க்க வேண்டும் என்று அடுத்தவர்களுக்கு நான் சொல்லியிருக்கிறேன். அன்றைக்குப் பார்க்கவில்லை. உறுதிசெய்ய இங்கே தொடவும் என்றிருந்த நீல எழுத்தைத் தொட்டேன். வழக்கமான பக்கம் போலவே ஒன்று திறந்தது. பாஸ்வேர்டு போட்டேன், தவறு என்றது. இன்னொரு முறை போட்டேன், தவறு என்றது. சரி, பழையதோ என்னவோ என்று பேங்குக்கு வைத்திருந்ததைப் போட்டேன், கரண்ட் பில் கட்ட வைத்திருந்ததையும் போட்டேன். சட்டென்று மெயில் திறந்துகொண்டது, உள்ளே எல்லாம் அப்படியே இருந்தது. அப்பாடா என்று டீ வாங்கிவரச் சொன்னேன். தவறு, தவறு என்று சொல்லிச் சொல்லியே என்னிடம் இருந்த எல்லாச் சாவிகளையும் வாங்கிக்கொண்டார்கள் என்பது பிறகுதான் உறைத்தது. மூன்றாம் நாள் காலையில் மெயில் திறக்கவில்லை. மீட்க வேண்டுமென்றால் பதிவு செய்த போன் நம்பருக்குக் குறியீடு வரும் என்றது. அந்த நம்பர், ரீசார்ஜ் பண்ணாமல் விட்டு எப்போதோ செத்துப்போன பழைய சிம்.

அதே வாரம் நீ கடையின் இரண்டாவது கம்ப்யூட்டரில் ஏதோ விளையாட்டை ஏற்றியிருந்தாய், பிரவுசரையும் மாற்றியிருந்தாய். "தொறக்க மாட்டேங்குது" என்று நான் கத்தியதும் உன் நைனா, "இவன் இன்னா நோண்டினான்?" என்று கேட்டார். நான் வாயைத் திறக்கவில்லை. அவர் அறைந்தார். நீ கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, "நான் ஒண்ணும் பண்ணல நைனா, பிரவுசர் மட்டும்தான் மாத்தினேன்" என்றாய். பிறகு என் பக்கம் திரும்பி, "அதனாலயாம்மா?" என்று கேட்டாய். நீயே உன்னைச் சந்தேகப்பட்டாய் என்பது முகத்தில் தெரிந்தது. நான் ஒரே ஒரு வார்த்தை சொன்னேன். "இருக்கும்" என்றேன். பிறகு சொன்னதெல்லாம் அந்த வார்த்தையைக் காப்பாற்றச் சொன்னவை. கடையில் யாரிடமும் மூச்சு விட வேண்டாம் என்று உங்கள் இருவரிடமும் சொன்னேன். கடை மானம் போய்விடும் என்று பயம்.

ஏழுமலை அண்ணனை நினைவிருக்கும். அவலூர்பேட்டை ரோட்டில் பாதி வழியில் இருக்கிற ஊர், மணிலாக்கடலை பயிரிடுகிறவர். அவர் பெண் மேகலாவுக்கு நர்சிங் காலேஜுக்கு விண்ணப்பம் போட்டிருந்தோம். அந்தக் காலேஜ் மெயிலில் மட்டும்தான் தகவல் அனுப்பும். "இன்னா கம்ப்யூட்டரம்மா, பாப்பாக்கு லெட்டர் வந்துச்சா?" என்று வந்து நின்றார். "இன்னும் அனுப்பலண்ணே" என்றேன். நான்கு நாள் கழித்து வந்தார். அதே பதிலைச் சொன்னேன். எட்டாம் நாள் மேகலாவும் கூட வந்தாள். கூடப் படித்த பெண்ணுக்குச் சேர்க்கைத் தேதி வந்து, அவள் சான்றிதழ்களோடு போய்ச் சேர்ந்தும் விட்டாளாம். மேகலாவுக்கும் அதே தேதிதான் இருந்திருக்கும், அது முந்தின நாளோடு முடிந்துவிட்டது. அப்போதுதான், "மெயில் போச்சுண்ணே, பையன் ஏதோ நோண்டிட்டான்" என்றேன். ஏழுமலை அண்ணன் கொஞ்ச நேரம் கம்பியில் குத்தியிருந்த காகிதங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். "சின்னப் பசங்க, உடும்மா" என்று சொல்லிவிட்டு மகளைக் கூட்டிக்கொண்டு போனார். அடுத்த வருடம் அவளுக்கு இடம் கிடைக்கவில்லை. அதற்கடுத்த வருடம் விண்ணப்பம் போட அவர்கள் என் கடைக்கு வரவில்லை.

நீல எழுத்தைத் தொட்டது தப்பு. அதற்காக நான் பெரிதாக வெட்கப்படவில்லை, படித்தவர்கள், பெரிய வேலையில் இருப்பவர்கள் எல்லோரும் தொடுகிறார்கள். அந்த எட்டு நாளுக்காகத்தான் வெட்கப்படுகிறேன். திருடியவனுக்கும் அந்த எட்டு நாள்தான் வேண்டியிருந்தது. நான் வாயை மூடிக்கொண்டிருந்த நேரத்தில் என் பெயரிலேயே என் வாடிக்கையாளர்களுக்கு அதே மாதிரி மெயில் போய்க்கொண்டிருந்தது. மெயில் வைத்திருந்த நாலைந்து பேர் நம்பித் தொட்டும் விட்டார்கள். தப்பியவர் நான் கேலி செய்த கணக்கு வாத்தியார்தான். கடைக்கு வந்து, "உங்க பேர்ல ஒரு மெயில் வந்துது, நான் தொறக்கல. 'தயவுசெய்து, தங்கள் மேலான கவனத்திற்கு'ன்னு இருந்துது. நீங்க என்னிக்கு அவ்ளோ மரியாதையா பேசியிருக்கீங்க?" என்றார். இங்கே சிரித்துக்கொள், நானும் இப்போது சிரிக்கிறேன். ஆனால் அவர் சொன்னது நல்ல பரிசோதனை. தெரிந்தவர் பெயரில் வந்தாலும் அவர் பேசுகிற மாதிரி இருக்கிறதா என்று காதால் ஒரு முறை கேட்டுப் பார்க்க வேண்டும்.

செஞ்சிக்காரி பாதுகாப்பைப் பற்றி எழுதினால் கோட்டையையும் அகழியையும் இழுத்துவிடுவாள் என்று எதிர்பார்த்திருப்பாய். இழுக்க மாட்டேன். கோட்டை ஏற வருகிறவர்கள் கடையில் தண்ணீர் பாட்டில் இருக்கிறதா என்று கேட்பார்கள், எனக்கும் அதற்கும் அவ்வளவுதான் தொடர்பு. இப்போது நான் செய்வதைச் சொல்கிறேன். எந்த மெயில் அவசரப்படுத்தினாலும் எழுந்து போய் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வந்து படிக்கிறேன். மெயிலில் இருக்கும் வழியாக எந்த இடத்துக்கும் போவதில்லை. பேங்கோ, கரண்ட் ஆபீஸோ, முகவரியை நானே டைப் பண்ணிப் போகிறேன். பேச வேண்டுமென்றால் பேங்க் அட்டையின் பின்னால் அச்சிட்ட நம்பருக்குப் பேசுகிறேன், மெயிலில் கொடுத்த நம்பருக்கு இல்லை. ஒரு இடத்துச் சாவி இன்னொரு இடத்தில் கிடையாது. பாஸ்வேர்டு போட்ட பிறகும் போனில் ஒரு குறியீடு கேட்கிற மாதிரி வைத்திருக்கிறேன், அந்த போன் நம்பர் உயிரோடு இருக்கிறதா என்று மாதம் ஒரு முறை பார்க்கிறேன். விளம்பரக் குப்பை மெயில்களுக்கு, எனக்கு அனுப்பாதே என்றுகூடப் பதில் போடுவதில்லை. பதில் போட்டால் இங்கே ஆள் இருக்கிறது என்று தெரிந்துகொண்டு இன்னும் பத்து அனுப்புவார்கள். கடைக்கு வருகிறவர்களுக்கு அவரவர் போனிலேயே அவரவர் மெயிலை உண்டாக்கிக் கொடுத்து, அவரவர் விரலாலேயே திறக்கவைத்துத்தான் அனுப்புகிறேன். ஒரு விண்ணப்பத்துக்கு அரை மணி நேரம் ஆகிறது. ஆகட்டும். கம்பியைக் கழற்றிவிட்டேன்.

உனக்கு இதெல்லாம் தெரியும், இதில்தான் சம்பளம் வாங்குகிறாய். தெரிந்தவன் என்பதால்தான் பயமாக இருக்கிறது. அடுத்த இரண்டு மாதம் மண்டபக்காரர், போட்டோக்காரர், பயண டிக்கெட், புது வீட்டு வாடகை ஒப்பந்தம் என்று உனக்கு நூறு மெயில் வரும். எதிர்பாராத மெயிலைத்தான் ஆட்கள் சந்தேகப்படுவார்கள். நீ எதிர்பார்த்துக்கொண்டிருக்கிற மெயில் போலவே வருகிற ஒன்றுதான் உன்னை விழ வைக்கும். பத்திரிகையைப் போனில் அனுப்பும்போது படமாக அனுப்பு. கல்யாணப் பத்திரிகை என்ற பெயரில், திறந்ததும் போனுக்குள் தானே ஏறி உட்கார்ந்துகொள்கிற கோப்புகள் இப்போது சுற்றுகின்றன, திண்டிவனத்துச் சித்தி அப்படி ஒன்றைத் திறந்துவிட்டு இரண்டு நாள் அழுதாள். அப்புறம் ஒன்று. நீயோ உன் மனைவியோ என்றைக்காவது இப்படி ஏமாந்தால், ஏமாந்த அந்த மணி நேரத்துக்குள் மற்றவரிடம் சொல்லிவிடுங்கள். பேங்குக்கும் போலீஸுக்கும் சொல்லலாம், பாஸ்வேர்டை மாற்றலாம், எல்லாம் அந்த ஒரு மணி நேரத்தில்தான் உபயோகப்படும். அதற்கு முதலில் வீட்டில் சொல்ல முடிய வேண்டும். சொன்னவுடன் அறை விழும் வீட்டில் யாரும் சொல்ல மாட்டார்கள். இது உன் நைனாவைக் குறை சொல்ல எழுதவில்லை, அறைய விட்டுவிட்டு நின்றவள் நான்.

இத்தோடு முடித்திருப்பேன். ஆனால் திங்கட்கிழமை காலை மேகலாவைப் பார்க்கப் போனேன். அவள் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு மருந்துக் கடையில் வேலை செய்கிறாள், உனக்குத் தெரியுமோ தெரியாதோ. மாதா மாதம் எனக்குப் பிரஷர் மாத்திரை எடுத்துக் கொடுப்பது அவள்தான். அட்டையின் மேல் பேனாவால் காலை ஒன்று, இரவு ஒன்று என்று எழுதிக் கொடுப்பாள். மூன்று வருடமாக அந்த எழுத்தைப் பார்த்துத்தான் விழுங்குகிறேன். கடையில் கூட்டமில்லாத நேரமாகப் பார்த்துப் போய்ச் சொன்னேன். சுற்றி வளைக்கவில்லை. மெயிலைத் தொட்டது நான், காலேஜ் இன்னும் அனுப்பவில்லை என்று அவள் நைனாவிடம் பொய் சொன்னதும் நான், பையன்மேல் பழி போட்டதும் நான்.

அவள் மாத்திரை அட்டையைக் கையில் வைத்தபடியே நின்றாள். "அப்ப பரணி அண்ணன் பண்ணலையா?" என்றாள்.

"இல்ல."

"அவரு எங்க வூட்டுக்கு வந்தாரே ஆண்டி."

"யாரு? எப்ப?"

"அந்த வருஷமே. காலேஜ் தொறக்கறதுக்கு முன்ன. பஸ்ல வந்து எறங்கி, வூடு தேடிக்கினு வந்தாரு. எங்க நைனா முன்னாடி கையக் கட்டிக்கினு நின்னு, என்னாலதான் போச்சு, எங்கம்மாவ ஒண்ணும் சொல்லிடாதீங்கன்னாரு. எங்க நைனா மோர் குடுத்து அனுப்பிச்சாரு. உங்களுக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியாது, பரணி. நண்பனைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று ஒரு நாள் வெயிலில் போய்விட்டுச் சாயங்காலம் வந்தாய். முகம் கறுத்திருக்கிறதே, எங்கே ஊர் சுற்றினாய் என்று நான் திட்டினேன். அது அந்த நாளாகத்தான் இருக்க வேண்டும். செய்யாத தப்புக்கு நீ மன்னிப்புக் கேட்டாய், அதிலும் என்னைக் காப்பாற்றினாய். அந்த மோரைக் குடித்திருக்க வேண்டியவள் நான்.

மேகலா பரவாயில்லை என்று சொல்லவில்லை. நானும் அதை எதிர்பார்த்துப் போகவில்லை. "அன்னிக்கே சொல்லி இருந்தீங்கன்னா நானே பஸ் ஏறிப் போயிருப்பேன் ஆண்டி. காலேஜு விழுப்புரத்துலதான இருந்துச்சு" என்றாள். குரல் உயரவே இல்லை. யாரோ இருமல் மருந்து கேட்டு வந்தார்கள், எடுத்துக் கொடுத்தாள். பிறகு பேனாவை எடுத்து என் அட்டையின் மேல் காலை ஒன்று, இரவு ஒன்று என்று வழக்கம்போல எழுதி நீட்டினாள். வீட்டுக்கு வந்து அழுதேன். எதற்கு என்று உன் நைனா கேட்டார். கண்ணில் தூசி என்றேன். பார்த்தாயா, இன்னும் அந்தப் பழக்கம் போகவில்லை.

இப்போது இந்தக் கடிதத்தையே எடுத்துக்கொள். தெரிந்த பெயரில் வந்திருக்கிறது. உன்னைப் பதற வைக்கிறது. இப்போது ஒன்றைச் செய்யச் சொல்லவும் போகிறது. நான் மேலே எழுதிய எல்லாக் குறிகளும் இதில் இருக்கின்றன, அதனால் இதையும் அப்படியே நம்பிவிடாதே. ஒரு டம்ளர் தண்ணீர் குடி. உன் போனில் பல வருடமாக இருக்கும் என் நம்பருக்கு நீயே போன் செய். குரலைக் கேட்டும் நம்ப வேண்டாம், இப்போது குரலையும் செய்துவிடுகிறார்களாம். ஒரே ஒரு கேள்வி கேள். அன்றைக்கு அந்த நீல எழுத்தைத் தொட்டது யார் என்று கேள். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குக் கூப்பிடு. உன் நைனாவையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, ஸ்பீக்கரில் போட்டுத்தான் எடுப்பேன்.

அம்மா